பெண்பிள்ளை வார்த்தையும் வாசகமாலையும்

குண்டாற்றங்கரையிலுள்ள கமுதி திவ்யதேசமன்று. ஆயினும் அதன் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரும், கிழக்கே திருப்புல்லாணியும், வடக்கே திருக்கோட்டியூரும், தெற்கே பொருநைக்கரைத் திருக்கோளூரும் அமைந்துள்ளன. பாண்டிநாட்டுத் திருப்பதிகள் 18-இல் இந்நான்கும் அடங்கும். இவற்றுள் மூன்று, ஸம்பிரதாயத்தில் பெண்டிர் பெற்ற இடத்தை ஆராய்வார்க்கு இன்றியமையாதவை.

ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆண்டாள் அருளிச்செய்த திருப்பாவைக்குப் பெரியவாச்சான் பிள்ளை மூவாயிரப்படியும், அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆறாயிரப்படியும் அருளினர். ஒரு பெண்ணின் வாக்கு ஆசாரியர்கள் உரை காணும் மூலமாயிற்று என்பதே இங்குக் கொள்ளத்தக்கது. குருபரம்பரையிலும் எம்பெருமானுக்கு அடுத்து எண்ணப்படுபவள் பெரிய பிராட்டியாரே.

திருக்கோட்டியூர்ச் செய்தி வேறு வகையினது. பிக்ஷைக்கு எழுந்தருளிய உடையவர் திருப்பாவையை அநுஸந்தித்து நிற்க, கதவைத் திறந்த சிறுமியை நப்பின்னையாகவே கண்டு தண்டனிட்டார் என்பர். அச்சிறுமி திருக்கோட்டியூர் நம்பியின் மகள் தேவகி என்றும், திருவரங்கத்துப் பெரிய நம்பியின் மகள் அத்துழாய் என்றும் இருவகையாக வழங்கும். எவ்வாறாயினும், அங்குப் பெருமை பாசுரத்திற்கும் உடையவரின் பாவத்திற்குமே உரியது. சிறுமியின் ஞானம் அங்கே பேசப்படவில்லை.

திருக்கோளூரில் பேசப்படுவது ஞானமே. எல்லாரும் புகும் ஊர் என்று நம்மாழ்வார் கொண்டாடிய ஊரைவிட்டு ஒரு பெண்பிள்ளை புறப்படுவதைக் கண்ட உடையவர் காரணம் வினவினார். அவளோ அக்ரூரர் தொடங்கி 81 பேருடைய செயல்களை எண்ணி, அவற்றுள் ஒன்றும் தனக்கில்லையே என்று விடையிறுத்தாள். தேவகி, யசோதை, அநஸூயை என இதிஹாஸ புராணப் பெண்டிர் அதில் உளர். அவர்களோடு, ஆளவந்தார், திருக்கச்சி நம்பிகள், கூரத்தாழ்வான் ஆகியோரும் உளர். அத்வைதத்தை வென்றவராக, எதிரே நிற்கும் எம்பெருமானாரையே அவள் எண்ணுகிறாள். இவ்வளவும் ஒரு சிற்றூர்ப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது என்பதை ஐதிஹ்யம் வியப்பாகக் கூறினாலும், நடவாததாகக் கூறவில்லை. உடையவர் அவள் இல்லத்தில் அமுது செய்தார் என்றே அது முடிகின்றது. ஆசாரியன் கேட்க அவள் சொன்னாள்; அவள் சொன்னதே ரஹஸ்யம் எனப் பெயர் பெற்று உரையும் கண்டது. ஆயினும் அவள் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. கொங்குப் பிராட்டியைப் போலவே இவளும் ஊரால் அறியப்படுகிறாள்.

பிறநாட்டு வரலாற்றிலும் இக்குறை உண்டு. கெல்ட் மக்களின் கடலோரத் தீவொன்றில் ஒன்பது கன்னிப் பூசாரியர் குறி சொல்லினர் எனக் கி.பி. முதல் நூற்றாண்டில் பொம்போனியஸ் மேலா எழுதினார். எழுதியவர் ரோமர்; அப்பெண்டிரின் சொல் ஒன்றும் எஞ்சவில்லை.

தமிழகத்தில் எஞ்சியது. திருக்கோனேரி தாஸ்யை என்னும் அம்மையார் திருவாய்மொழி வாசகமாலை என்னும் உரைநூலைத் தம் பெயராலேயே இயற்றினார். முதற்பாசுரத்தின் பொருளே நூறு திருவாய்மொழிகளிலும் விரிகின்றது என்பது அந்நூலின் நோக்கு. ஒரு பிரபந்தத்தை முழுமையாக உள்ளங்கொண்டவர்க்கன்றி இது இயலாது. மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் போற்றும் திருவாய்மொழி வியாக்கியானங்கள் ஐந்து; வாசகமாலை அவற்றுள் ஒன்றன்று. பெண்பிள்ளையின் வார்த்தையை உடையவரின் யாத்திரை காத்தது. வாசகமாலைக்கு அத்தகைய துணை இல்லை. அதனைக் காத்தது சுவடி. பின்னர் அச்சேற்றியது தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம்.