500 ரூபாய் நோட்டு கசங்காத குட்டி வாலட்... நீங்களே டிசைன் பண்ணலாம்!

எலாஸ்டிக் பட்டை போட்ட குட்டி வாலட், பாக்கெட்டுக்கு வசதிதான். ஆனா, நோட்டு மட்டும் ஏன் கிழியுது? ஏ.டி.எம் கார்டின் உயரம் 54 மி.மீ. 500 ரூபாய் நோட்டுக்கோ 66 மி.மீ. கார்டு சைஸ் வாலட்டில் 12 மி.மீ வெளியே நீட்டிக்கிட்டிருக்கும். ஓரம் அங்கேதான் நைந்துபோகும். நாலாக மடித்தால், மடிப்பிலேயே விரிசல் விடும்.

தீர்வு சிம்பிள். 150 மி.மீ நீள நோட்டை ஒரே ஒரு முறை மடித்தால் 75 மி.மீ. வாலட்டின் உள் அளவை 90-க்கு 70 மி.மீ என வையுங்க; கார்டும் நோட்டும் அடங்கிடும். 200, 100 ரூபாய் நோட்டுகள் இதைவிடச் சின்னவைதான். பட்டை நோட்டை நேரடியாக இறுக்கக் கூடாது. நடுவில் ஒரு கார்டு இருக்கட்டும்.

கிழிந்த நோட்டை வங்கியில் மாத்திக்கலாம்தான். அவசரத்துக்கு பஸ் கண்டக்டர் வாங்கணுமே!