மருந்துக் கையும் மதியச் சாப்பாடும்

தீபாவளிக்கு முதல் நாள் நள்ளிரவு வரைக்கும் அடுப்பு அணையாத வீடுகள் நம்முடையவை. முறுக்கு, அதிரசம் என்று எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டே இருக்கும். ஆனால், அந்தத் தீபாவளிக்குப் பட்டாசு செய்து கொடுக்கிற இடத்தில் ஒரு டம்ளர் வெந்நீர்கூடப் போட முடியாது. இதை எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வழியாக பஸ்ஸில் போனால் பார்க்கலாம். கரிசல் காட்டுக்கு நடுவே, ஒன்றோடு ஒன்று கோபித்துக்கொண்ட மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். அந்தப் பக்கத்து ஜனங்கள் 'பட்டாசு ஆபீஸ்' என்பார்கள். ஃபேனும் நாற்காலியும் இருக்கிற ஆபீஸ் என்று நினைத்துவிடாதீர்கள்! ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. இரும்பு ஆகாது. நைலான் சேலை ஆகாது. பீடி, தீப்பெட்டி கேட்டைத் தாண்டக் கூடாது. அடுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, உள்ளே வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் மதியச் சாப்பாடு என்பது, வீட்டில் கட்டி எடுத்துவந்து ஆறிப்போன சாப்பாடுதான்.

இந்தக் கெடுபிடியின் பூர்வீகம் எங்கே இருக்கிறது தெரியுமா? லண்டனில்! 1874 அக்டோபர் மாதம், விடிவதற்கு முன்னால், ரீஜன்ட் கால்வாயில் சரக்குப் படகுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒரு படகில் டன் கணக்கில் வெடிமருந்து. கூடவே பெட்ரோலியச் சரக்கும். ஒரு பாலத்துக்கு அடியில் போகும்போது படகு வெடித்துச் சிதறியது. பாலம் போனது. படகில் இருந்த மூன்று பேரும் போனார்கள். பெட்ரோலிய ஆவி கசிந்து, படகின் அறைக்குள் இருந்த நெருப்போ விளக்கோ அதைப் பற்ற வைத்துவிட்டது என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். மறு வருஷமே, 1875-ல் பிரிட்டனில் வெடிபொருள் சட்டம் வந்தது. வேலைக்காரர்களின் சட்டையில் பாக்கெட்டே இருக்கக் கூடாது என்கிற அளவுக்கு அதில் விவரம் இருந்தது. பாக்கெட் இருந்தால்தானே தீக்குச்சி உள்ளே போகும்!

அடுத்து 1884-ல் இந்தியாவுக்கும் ஒரு வெடிபொருள் சட்டம் போட்டார்கள். அப்போது சிவகாசியில் பட்டாசும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை. மானம் பார்த்த பூமி, அவ்வளவுதான். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பட்டாசு அதற்குப் பிறகு வளர்ந்தது. ஆட்கள் வருவதற்கு முன்னாலேயே, அவர்கள் மதியம் அடுப்பு மூட்டக் கூடாது என்கிற சட்டம் வந்து உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

சட்டத்தைக் குறை சொல்லவில்லை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில், நட்டநடு மதியத்தில் என்ன நடந்தது என்பதை விருதுநகர் மாவட்டம் மறக்காது. கிட்டத்தட்ட 40 உயிர்கள். உள்ளே வேலை பார்த்தவர்கள் மட்டுமல்ல, புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடியவர்களும் அதில் உண்டு. அடுப்பெல்லாம் வேண்டாம், ஓர் உராய்வு போதும்.

சரி, நெருப்பு வேண்டாம். நான் சொல்ல வந்தது அதைவிடச் சின்ன விஷயம். கை!

வெடிமருந்துக் கலவையை அங்கே வெறுமனே 'மருந்து' என்பார்கள். அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்பு எல்லாம் சேர்ந்தது. மருந்து அறையில் வேலை பார்த்தவரின் கையைப் பாருங்கள், வெள்ளி பூசியது மாதிரி மினுங்கும். நக இடுக்கு, ரேகை எல்லாம் சாம்பல் நிறம். பச்சை வெளிச்சத்துக்காகச் சேர்க்கும் பேரியம் உப்புகளுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. காற்று கெடுகிறது என்பது அங்கே பேச்சு. ஆனால், தண்ணீரில் கரையும் பேரியம் உப்பு வயிற்றுக்குள் போனாலும் விஷம்தான். காற்றுக்காக நாடே பேசியது. அந்தக் கையால் பிசைந்த சோற்றைப் பற்றி யார் பேசினார்கள்?

2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம், 1948, இதை யோசித்திருந்தது. கை கழுவ வசதி வேண்டும் என்றது. 150 பேருக்கு மேல் வேலை பார்த்தால் தனியாகச் சாப்பாட்டு அறை வேண்டும் என்றது. அப்படி ஓர் அறை இருந்தால், வேலை செய்கிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிடவே கூடாது என்றது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. எல்லாம் சரி. 149 பேர் இருந்தால்? வேப்பமரம்தான்!

இந்த இடத்தில் இன்னொரு ஊரைக் காட்ட வேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால். அங்கே வெள்ளீயச் சுரங்கங்கள் இருந்தன. தாதுவோடு பாஷாணமும், அதாவது ஆர்சனிக்கும் சேர்ந்து வரும். சுரங்கத் தொழிலாளி உள்ளே எடுத்துப்போனது 'பாஸ்டி' என்கிற பலகாரம். நம்ம ஊர் சோமாஸை நாலு மடங்கு பெரிதாக்கிக்கொள்ளுங்கள்; உள்ளே கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம். சோமாஸ் மாதிரியே ஓரத்தில் முறுக்கிவிட்ட ஒரு கரை. அந்தக் கரையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, விஷக் கை பட்ட கரையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அழகான கதை. ஆனால், பழைய புகைப்படங்களைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். துணிப் பையிலோ காகிதத்திலோ சுற்றி, உறையைப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுசாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். பசித்தவன் எதற்குக் கரையைத் தூக்கிப் போடப் போகிறான்? எனக்கு இரண்டாவது கதைதான் நம்பும்படி இருக்கிறது. எப்படியோ, கைக்கும் சோற்றுக்கும் நடுவே ஓர் உறை. அதுதான் விஷயம்.

உறை கட்டுவது நமக்குப் புதிதா என்ன? வழியில் சாப்பிட எடுத்துப்போகும் உணவுக்கு 'ஆற்றுணா' என்று அந்தக் காலத்திலேயே பெயர் வைத்தவர்கள் நாம். திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் பசியால் வாடிய அப்பருக்குச் சிவபெருமானே பொதிசோறு கொண்டுவந்து கொடுத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. சுந்தரருக்குத் திருக்குருகாவூரில் அதே உபசாரம். கடவுளே பார்சல் கட்டிய ஊர் ஐயா இது! ஆனால், அந்தப் பொதியும் அடுப்பில் வெந்த சோறுதான். நம் கட்டுச்சோறு முழுக்க அப்படித்தான். புளியும் எண்ணெயும் உப்பும் காவல் காக்க, காலையில் வெந்தது மதியம் வரை தாங்கும்.

அடுப்பே இல்லாத பொதி? அதுவும் இருக்கிறது, நாம் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. குசேலர் கந்தலில் முடிந்துகொண்டு போனது அவல். ஸ்ரீராம நவமிக்கு பானகம், நீர்மோரோடு கொடுக்கிற கோசுமல்லி, ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரிக்காயும் எலுமிச்சையும் சேர்த்தது. கடுகு தாளிப்பதை விட்டுவிட்டால் அதில் நெருப்பே இல்லை. பாக்கு, சுண்ணாம்பு வைத்து மடிக்கிற வெற்றிலை, நம்முடைய மிகப் பழைய பச்சைப் பொட்டலம். தாய்லாந்துக்காரர்கள் வெற்றிலைக்கு உறவான ஓர் இலையில் தேங்காய், இஞ்சி, வேர்க்கடலை, வெங்காயம், எலுமிச்சை எல்லாம் வைத்து மடித்து ஒரே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். நாம் பாக்கோடு நின்றுவிட்டோம்.

அடுப்பில்லாத சாப்பாட்டை முழுநேரமாக முயன்று பார்த்தவர் ஒருவர் உண்டு. காந்தி. 1893-ல் தென்னாப்பிரிக்காவில் இரண்டு வாரம் பார்த்தார், முடியவில்லை. விடுவாரா? 1929 மே மாதம் ஆந்திரச் சுற்றுப்பயணத்தின்போது ராஜமுந்திரியில் சுந்தரம் கோபால ராவ் என்பவரைச் சந்தித்து, மறுபடி ஆரம்பித்தார். முளைகட்டிய கோதுமை, முளைகட்டிய கடலை, தேங்காய், பச்சைக் கீரை, எலுமிச்சை, தேன். சபர்மதி ஆசிரமத்தில் இருபது பேருக்கு மேல் சேர்ந்துகொண்டார்கள். ஆகஸ்ட்டில் காந்திக்கு வயிற்றுக்கடுப்பு வந்து, சோதனை நின்றது. தோற்றதையும் மறைக்காமல் தன் பத்திரிகையில் எழுதினார். இதில் எனக்குப் பிடித்தது அவர் சொன்ன காரணம். உடம்பு, சிக்கனம் மட்டுமில்லை. இது பலித்தால் பெண்களுக்குச் சந்தோஷமே தராத அடுப்படி வேலையிலிருந்து விடுதலை என்றார்.

அடுப்படி வேலை என்றதும் மறுபடி சிவகாசிக்கு வர வேண்டியிருக்கிறது. 1980-களில் வெளிவந்த ஆய்வுகளைப் படித்தால் நெஞ்சு அடைக்கும். அதிகாலை 3 மணி, 4 மணிக்கே கம்பெனி பஸ் கிராமம் கிராமமாக வந்து, தூக்கக் கலக்கத்தோடு நிற்கும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். 1990-ல் சலம் பென்னுர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அந்தப் பிள்ளைகளை உலகத்துக்குக் காட்டியது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால், 3 மணிக்கு பஸ் என்றால், அந்தத் தூக்குச்சட்டியில் சோறு வந்தது எப்படி? இரண்டு மணிக்கு ஓர் அம்மா எழுந்து விறகடுப்பை ஊதியிருக்கிறாள். அவளைப் பற்றித் தீர்ப்பு இல்லை, ஆவணப்படமும் இல்லை. இன்றைக்கு அந்த வேலைக்குப் போவதில் பெருங்கூட்டம் பெண்கள்தான். ஊதி எரித்ததுபோய் கேஸ் வந்திருக்கிறது. விடியும் முன் எழுவது போகவில்லை. ஆபீஸில் நெருப்புக்குத் தடை. வீட்டில் இருட்டிலேயே நெருப்போடுதான் நாள் தொடங்குகிறது!

அதனால்தான் சொல்கிறேன், வாரத்தில் ஒரு நாளாவது அடுப்புக்கு லீவு கொடுத்துப் பார்க்கலாம். நீங்கள் பட்டாசு ஆபீஸுக்குப் போக வேண்டாம். பிள்ளையின் டிபன் பாக்ஸுக்கோ, குற்றாலத்துக்குக் கட்டிக்கொண்டு போகவோ செய்து பாருங்கள். ஒரு கை அவல். அவலிலும் நெருப்பு பட்டிருக்கிறதே என்பீர்கள். பட்டிருக்கிறது, அது மில்லுக்காரர் வீட்டு நெருப்பு! சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சு கிடைத்தால் பாக்கியம். கரிசல் மண்ணின் வெயிலைக் குடித்து வளர்ந்து எப்படித்தான் அத்தனை தண்ணீர் வைத்திருக்கிறதோ. அதைப் பொடியாக நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் பிழிந்து தனி டப்பாவில். இரவே ஊறவைத்துக் கழுவி வடித்த பாசிப்பருப்பு கொஞ்சம். தேங்காய்த் துருவல் வேண்டாம். விருதுநகர் வெயிலுக்கு மதியத்துக்குள் ஊசிப்போகும். வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துக் காகிதமில்லாமல் டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காகிதமில்லாமல் என்று ஏன் சொன்னேன்? அச்சு மை. செய்தித்தாளில் தின்பண்டம் கட்டுவதை 2018-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுத்துவிட்டன. நாட்டுக்கே காலண்டர் அச்சடிக்கிற சிவகாசிக்காரர்களுக்கு மையைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பாலிதீன் பை 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் கிடையாது. மிச்சம் இருப்பது வாழையிலை. பச்சை இலையை மடித்தால் கிழியும், நெருப்பில் வாட்ட வேண்டும் என்பார்கள். வேண்டாம். முதல் நாள் மத்தியானம் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டால் துணி மாதிரி துவண்டுவிடும். வெயிலுக்கு அந்த ஜில்லாவில் என்ன பஞ்சம்?

சாப்பிடப்போகும் நேரத்தில் அவலை நனைத்து, பிழிந்து, மற்றதைக் கலந்து, கரண்டியால் இலையில் வைத்து, நீளவாக்கில் சுருட்டி, அடிப்பக்கத்தை மடக்கிக்கொள்ளுங்கள். வாழைப்பழம் உரிக்கிற மாதிரி இலையை இறக்கிக்கொண்டே சாப்பிடலாம். விரல் சோற்றைத் தொடாது. "ஒரு ஸ்பூன் வெச்சு சாப்பிட்டா போச்சு, இதுக்கு எதுக்குய்யா இவ்வளவு பாடு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான். ஸ்பூனும் சரி, இலையும் சரி, சோப்புக்கும் குழாய்த் தண்ணீருக்கும் ஈடாகாது. மருந்து படிந்த கையை முதலில் கழுவத்தான் வேண்டும், கழுவத் தண்ணீரும் இருக்கத்தான் வேண்டும்.

ஒரு விஷயம் விட்டுவிட்டேன். கடையில் கெட்டி அவல் கேட்காதீர்கள். ஊறக் கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மெல்லிசு அவல் மூன்றே நிமிஷம். இடைவேளை அரை மணிதானே? கை கழுவும் வரிசையில் நிற்க பத்து நிமிஷம் கழித்துக்கொள்ளுங்கள்.