நீறுபூத்த மைலோமா: காத்திருத்தலின் வரலாறு

நோயின் பெயர் அக்கால மருந்துகளின் எல்லையையும் உணர்த்தும். என்பு மச்சைப் புற்றுநோயான மைலோமா, பரிசோதனையிற் புலப்பட்டும் என்பையோ சிறுநீரகத்தையோ தாக்காதிருக்கும் நிலைக்கு, 1980இல் அமெரிக்க மாயோ மருத்துவ நிலையத்தின் கைல், கிரெய்ப் ஆகியோர் 'நீறுபூத்த மைலோமா' எனப் பொருள்படப் பெயரிட்டனர். சிகிச்சையின்றி ஐந்தாண்டுகளுக்கு மேல் நோய் முற்றாதிருந்த ஆறு நோயாளரே அவர்தம் சான்று. மெல்பலானை முன்கூட்டி அளிப்பதாற் பயனில்லை என 1993இல் சுவீடன் ஆய்வு காட்டியது. காத்திருத்தலே விவேகமாயிற்று.

எனினும், 2007இல் 276 நோயாளரை ஆராய்ந்த கைல் குழுவினர், முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு நோய் முற்றுவதையும், பின்னர் அவ்வீதம் தணிவதையும் கண்டனர். அனைவர்க்கும் ஒரே தீர்ப்புப் பொருந்தாது. அபாயம் மிக்கோரிடம் டரடுமுமாப் மருந்தைப் பரிசோதித்து 2024இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் நோய் முற்றாது வாழ்ந்தோர் 63 சதவீதம். கண்காணிக்கப்பட்டு மட்டும் வந்தோருள் 41 சதவீதம்.

கல்முனைக் கரையோரத்தில் இம்முடிவுகளின் பொருள் யாது? காத்திருத்தல் என்பது சில மாதங்களுக்கொருமுறை இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படுவதாகும். தேசிய புற்றுநோய் வைத்தியசாலையோ தீவின் மறுகரையில், மகரகமவில் உள்ளது. வைத்தியம் இலவசமெனினும், மருதமுனை நெசவாளியும் சாய்ந்தமருது மீனவரும் இழக்கும் நாட்கூலி இலவசமன்று. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிறுவி மருந்து விலையைக் குறைத்த சேனக்க பிபிலே, மருந்து அரசியற் பொருளாதாரப் பிரச்சினை என்பதைச் செயலிற் காட்டினார். அப்பணி தொடரப்பட வேண்டும். கண்காணிப்பற்ற காத்திருத்தல் மருத்துவமன்று, கைவிடுதலே.