இரண்டு தகப்பன்மார்

மகனைப் பறிகொடுத்த தகப்பன் ஒருவர். அவனைக் கொன்றவனைப் பெற்ற தகப்பன் மற்றொருவர். இந்த இருவரையும் ஒரு வீட்டு வாசலில் எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்திவிட்டால், அப்புறம் கதாசிரியனுக்கு என்ன வேலை? கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். ஆனால் அப்படி ஒதுங்கி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது பேனா பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். நாம் என்ன செய்வோம்? இரண்டு கிழவர்களையும் கட்டித் தழுவ வைத்து, நாலு பக்கத்துக்கு அழவிட்டிருப்போம்.

தென்னாப்பிரிக்காவின் ஆலன் பேட்டன் அப்படிச் செய்யவில்லை.

பேட்டன் நேட்டால் மாகாணத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்தில் 1903-ல் பிறந்தவர். 1893-ல் காந்திஜியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே, அதே ஊர்தான். வெள்ளைக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1935-ல் ஜோகானஸ்பர்க் அருகே டீப்க்ளூப் என்ற இடத்தில், குற்றம் செய்த கறுப்புச் சிறுவர்களை அடைத்து வைத்திருந்த சீர்திருத்தப் பள்ளிக்குத் தலைவராகப் போனார். போனதும் முள்வேலியைப் பிடுங்கினார், பூச்செடி வைத்தார், நம்பத்தகுந்த பையன்களை லீவில் வீட்டுக்கு அனுப்பினார். ஓடிவிடுவார்கள் என்று பயமுறுத்தியவர்கள் அங்கும் உண்டு. பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள்.

1946-ல் வெளிநாட்டுச் சிறைச்சாலைகளைப் பார்க்கவென்று சொந்தச் செலவில் பிரயாணம் புறப்பட்டார். நார்வேயில் ட்ரோன்ட்ஹெய்ம் நகரத்துப் பெரிய கோயிலை ஒரு மாலை வேளையில் பார்த்துவிட்டு ஹோட்டல் அறைக்குத் திரும்பினார். கூட வந்த நண்பர் சாப்பிட அழைத்துப் போக வருவதற்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஊர் நினைவு வந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் நாவலின் முதல் அத்தியாயம் எழுதப்பட்டது! பிறகு ஊர் ஊராக, ஹோட்டல் ஹோட்டலாக எழுதிக்கொண்டே போய், அந்த வருஷம் டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் முடித்தார். வேலைக்கு நடுவே எழுத நேரமில்லை என்று என்னைப் போலப் புலம்புகிறவர்கள் இதைக் கேட்டு வெட்கப்படலாம்.

‘க்ரை, தி பிலவ்ட் கன்ட்ரி’ என்று அந்த நாவலுக்குப் பெயர். அருமை தேசமே, அழு என்பது போலப் பொருள். 1948 பிப்ரவரியில் நியூயார்க்கில் வெளிவந்தது. அதே வருஷம் மே மாதத் தேர்தலில் தென்னாப்பிரிக்காவில் டாக்டர் மலானின் தேசியக் கட்சி வென்றது. நிறவெறியே ராஜாங்கத்தின் பெயர்ப் பலகை ஆயிற்று. புத்தகமும் ஆட்சியும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள்.

கதை இதுதான். ஸ்டீபன் குமாலோ ஜூலு இனத்துப் பாதிரியார், வயதானவர். அவருடைய கிராமம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மேலே குன்றில் பசும்புல்; அது வெள்ளைக்கார ஜார்விஸின் பண்ணை. கீழே மழை அரித்துப்போன செம்மண். இது ஏதோ இயற்கையின் ஓரவஞ்சனை என்று எண்ணிவிடக் கூடாது. 1913-ல் செய்த ஒரு சட்டம் நாட்டு நிலத்தில் சுமார் நூற்றுக்கு ஏழு பங்கைத்தான் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கியது. 1936-ல் அதைப் பதின்மூன்று பங்கு வரை உயர்த்த இசைந்தார்கள். ஜனத்தொகையில் பெரும்பாலோருக்கு இவ்வளவுதான்! விளையாத மண்ணை விட்டு ஆண்பிள்ளைகள் தங்கச் சுரங்கத்துக்கும் பட்டணத்துக்கும் போனார்கள். போனவர்கள் கடிதம் போடவில்லை. குமாலோவின் பிள்ளையும் அப்படிப் போனவன்தான்.

அவனைத் தேடிக் கிழவர் ஜோகானஸ்பர்க் போகிறார். வீடு வீடாக விசாரித்துக் கடைசியில் கண்டுபிடிக்கும் இடம் சிறைச்சாலை. திருடப்போன வீட்டில், பயத்தில் துப்பாக்கியைச் சுட்டுவிட்டான். செத்தவன் ஆர்தர் ஜார்விஸ். கறுப்பர்களுக்கு நியாயம் வேண்டுமென்று பேசியும் எழுதியும் வந்த வெள்ளைக்கார இளைஞன். குன்றின் மேல் பண்ணை வைத்திருக்கிறாரே, அவருடைய ஒரே மகன். கொன்ற பையனுக்குப் பேட்டன் வைத்த பெயர் அப்சலோம். தாவீது ராஜா நினைத்து நினைத்து அழுத பிள்ளையின் பெயர் அது. பெயரிலேயே தகப்பனின் அழுகை இருக்கிறது.

மகன் எழுதி அரைகுறையாக விட்ட தாள்களை ஜார்விஸ் உட்கார்ந்து படிக்கிறார். உயிரோடு இருந்தபோது அந்தப் பிள்ளையின் அபிப்பிராயங்களை அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. இப்போது ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார். எனக்கு இந்த இடம் கொலையைவிடப் பெரிதாகப் படுகிறது.

பிறகுதான் அந்த வாசல். வேறு யாரையோ விசாரிக்கக் குமாலோ ஒரு வீட்டுக்கு வருகிறார். கதவைத் திறப்பவர் ஜார்விஸ். கிழவருக்குக் கைகால் நடுங்குகிறது. தடி நழுவி விழுகிறது. வெள்ளைக்காரருக்குக் காரணம் விளங்கவில்லை. என்னிடம் ஏன் இவ்வளவு பயம் என்று கேட்கிறார். குமாலோ சொல்லிவிடுகிறார். யாரும் யார் காலிலும் விழவில்லை. மன்னித்தேன் என்ற வார்த்தைகூட வரவில்லை. செத்துப்போன பையன் சிறுவனாக இருந்தபோது குதிரையேறித் தம் கோயில் வழியாகப் போனதைப் பார்த்த ஞாபகத்தைக் கிழவர் சொல்கிறார். அவ்வளவுதான்.

இதை 1951-ல் படமாக்கியவர் ஸோல்தான் கோர்டா. நம் மைசூர் சாபு நடித்த ‘யானைப் பையன்’ படத்தின் இரு டைரக்டர்களில் ஒருவர். குமாலோவாக நடித்தவர் கனடா லீ என்ற அமெரிக்கக் கறுப்பு நடிகர். வயலின் வாசித்தவர், குதிரைப் பந்தயத்தில் ஜாக்கியாக இருந்தவர், குத்துச்சண்டைக்காரர். பிறகு நாடக மேடைக்கு வந்தவர். இளம் பாதிரியாராக வருபவர் ஸிட்னி பாய்ட்டியர். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதுப் பிள்ளை. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றாரே, அவரேதான்.

இவர்கள் அந்த நாட்டுக்குள் நடிகர்களாக நுழைய முடியவில்லை. டைரக்டரின் ஒப்பந்தக் கூலிகள் என்று பதிவு செய்துகொண்டுதான் நுழைந்ததாகப் பாய்ட்டியர் பின்னாளில் சொன்னார். ஒப்பந்தக் கூலி! தமிழ் வாசகருக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டுமா? 1860-லிருந்து 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒன்றரை லட்சம் பேர் அந்தப் பெயரில்தான் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள்.

அமெரிக்காவும் அப்போது யோக்கியமாக இல்லை. கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் லீக்கு அங்கே வேலை கொடுப்பார் இல்லை. திரைக்கதையில் கைகொடுத்த ஜான் ஹோவர்ட் லாஸன் அதே காரணத்தால் ஜெயிலுக்குப் போனவர். படத்தில் அவர் பெயரைப் போடவில்லை. லீ 1952-ல் நாற்பத்தைந்து வயதில் காலமானார். இதுதான் அவருடைய கடைசிப் படம். வேறு நடிகர் கண்ணீர் விடுமிடத்தில் அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறார். பார்க்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

ஜோகானஸ்பர்க்கில் முதல் காட்சிக்குப் பிரதமர் மலானே வந்து உட்கார்ந்து பார்த்தார் என்பதுதான் விசித்திரம். அதற்கு முந்தின வருஷம்தான் ஜனங்களை நிறவாரியாகப் பதிவு செய்யவும், நிறவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கவும் சட்டம் கொண்டுவந்தது அவருடைய சர்க்கார்.

கதையின் மேல் ஒரு குறை உண்டு. கறுப்பு எழுத்தாளர்கள் அதைக் காரமாகவே சொல்லியிருக்கிறார்கள். குமாலோ ரொம்பவும் பணிந்து போகிறார் என்பது அது. கடைசியில் ஜார்விஸ் கிராமத்துக் குழந்தைகளுக்குப் பால் அனுப்புகிறார், அணை கட்டுகிறார், கோயிலைப் புதுப்பிக்க முன்வருகிறார். எல்லாம் நல்லதுதான். ஆனால் புல்வெளி குன்றின் மேல்தானே இருக்கிறது? கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. இந்தக் குறையை என்னால் மறுக்க முடியவில்லை. இருந்தாலும் அந்த வாசற்படிக் காட்சியை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

பேட்டனும் பாலோடு நின்றுவிட்டவர் அல்லர். 1953-ல் எல்லா நிறத்தாரும் சேரக்கூடிய லிபரல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1960-ல் அவருடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1964-ல் ரிவோனியா வழக்கில் நெல்ஸன் மண்டேலாவும் தோழர்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானபோது, தண்டனையைக் குறைக்கும்படி கூண்டேறிச் சாட்சி சொன்னார். தூக்கு விழவில்லை, ஆயுள் தண்டனை. 1968-ல் பல இனத்தார் ஒரே கட்சியில் இருக்கக் கூடாது என்று சட்டம் வரவே, கட்சியைக் கலைத்துவிட்டார்கள். பேட்டன் 1988-ல் இறந்தார். மண்டேலா சிறையிலிருந்து வெளிவர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

1995-ல் அதே கதையை டாரெல் ரூட் மறுபடி படமெடுத்தார். ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் பாதிரியார், ரிச்சர்ட் ஹாரிஸ் பண்ணைக்காரர். இந்தத் தடவை யாரும் கூலியென்று பதிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. நியூயார்க்கில் நடந்த முதல் காட்சிக்குத் தென்னாப்பிரிக்க ஜனாதிபதி வந்திருந்தார். முப்பத்தொரு வருஷத்துக்கு முன் யாருக்காகப் பேட்டன் கூண்டேறினாரோ, அந்த மண்டேலாதான்.