வாக்குரிமையும் குடிதண்ணீரும்

நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுப்பதே பெரிய காரியம், நகரசபைத் தேர்தல் சிறிய காரியம் என்று எண்ணுவோர் நம்மவரில் பலர் உளர். வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எத்தகையதாயிருக்கும் என்பதைப் பெரும்பாலும் அச்சிறிய சபையே முடிவு செய்கிறது. இவ்வுண்மையை விளக்கும் சரித்திரம் ஒன்று ஜெர்மனி தேசத்து ஹாம்பர்க் நகரில் நிகழ்ந்தது. அதனைச் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எல்ப் நதிக்கரையிலுள்ள ஹாம்பர்க், வர்த்தகத்தால் செழித்த துறைமுகப் பட்டினம். 1842-ஆம் ஆண்டில் பெருந்தீ அந்நகரின் ஒரு பெரிய பகுதியை அழித்தது. அதன்பின் வில்லியம் லிண்ட்லி என்னும் ஆங்கிலப் பொறியாளர் சாக்கடைகளையும், நதிநீரை வீடுதோறும் கொணரும் குழாய்களையும் அமைத்தார். ஆயினும் அந்நீர் வடிகட்டப்படவில்லை. மணற்படுகைகளின் வழியே நீரைச் செலுத்தித் தூய்மை செய்யும் முறை அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. அதனை மேற்கொள்ளவேண்டும் என்ற யோசனை பலமுறை எழுந்தும், செலவை யார் தாங்குவது என்ற வாதத்திலேயே ஆண்டுகள் பல கழிந்தன.

இதன் காரணத்தை ஓட்டுரிமையில் காணலாம். 1892-ஆம் ஆண்டில் அந்நகரில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். நகரத்தின் மன்றத்துக்கு ஓட்டளிக்க வேண்டுமாயின் பணங்கட்டிக் குடியுரிமை பெற்றிருத்தல் அவசியம். அங்ஙனம் பெற்றவர் மிகச் சிலரே. மன்றத்தின் 160 ஸ்தானங்களில் 80 மட்டுமே பொதுக் குடிகளால் நிரப்பப்பட்டன. வீடு நிலமுடையோர்க்கென 40-ம், பதவி வகித்த பிரமுகர்க்கென 40-ம் தனியே ஒதுக்கப்பட்டிருந்தன. விந்தை யாதெனில், இதே நகரத்துத் தொழிலாளிக்கு ஜெர்மானியப் பாராளுமன்றத்துக்கு ஓட்டளிக்கும் உரிமை இருந்தது. 1890-ஆம் ஆண்டில் நகரின் மூன்று பாராளுமன்ற ஸ்தானங்களையும் தொழிலாளர் கட்சியே வென்றது. பேரரசின் சபைக்கு ஆளனுப்பிய அம்மனிதன், தன் தெருக் குழாயைப் பற்றிப் பேசுதற்கு வாயற்றவனாயிருந்தான்.

வீட்டுச் சொந்தக்காரர்கள் கொடியவர் அல்லர். அவர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டு, வரியும் செலவும் தம்மேல் ஏறாவண்ணம் காத்துக்கொண்டனர். தம் கூட்டத்தின் நன்மையை நாடினர், அவ்வளவே. வடிகட்டும் நிலையத்துக்கு 1890-ஆம் ஆண்டில்தான் இசைவு கிடைத்தது. வேலை முடியுமுன் வாந்திபேதி வந்துவிட்டது.

1892 ஆகஸ்டு மாத நடுவில் நோய் தோன்றியது. வர்த்தகம் கெடுமே என்ற அச்சத்தால் அதிகாரிகள் பல நாட்கள் அதனை ஒப்புக்கொள்ளத் தயங்கினர். சில வாரங்களில் 8,600 பேர் மாண்டனர். நோயின் கிருமியைக் கல்கத்தாவில் 1884-ஆம் ஆண்டில் ஆராய்ந்து தெளிந்த ராபர்ட் காக் என்னும் வைத்திய அறிஞர் ஹாம்பர்க்குக்கு அனுப்பப்பட்டார். அவர் கண்டது யாது? ஹாம்பர்க்கை ஒட்டியிருந்த ஆல்டோனா நகரம், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்தபின் வரும் நதிநீரையே எடுத்தது. ஆனால் வடிகட்டியே வழங்கியது. அங்கே நோய் பெரிதாகப் பரவவில்லை. ஹாம்பர்க் எல்லைக்குள் இருந்தும் ஆல்டோனாவின் நீரைப் பெற்ற ஒரு குடியிருப்பில் ஒருவருக்கேனும் நோய் காணவில்லை. காற்றும் மண்ணும் ஒன்றே; வேறுபட்டது நீர் மட்டுமே.

வருவாய் குறைந்தோரிடையே சாவு மிகுந்திருந்தது. நெருக்கமான இருப்பிடமும், நீரைக் காய்ச்ச வசதியின்மையும் அவர்களை வருத்தின. ஆயினும் செல்வர் வீட்டிலும் சாவு நுழையாமலில்லை; குழாய் அனைவர்க்கும் பொதுவன்றோ!

ஓட்டு ஒன்றே நீரைத் தூய்மையாக்கிவிடும் என்று நாம் கூறவில்லை. ஆல்டோனாவிலும் ஏழைக்குச் சமமான ஓட்டு இருந்ததில்லை; ஹாம்பர்க்கின் புதிய நிலையமும் ஓட்டுரிமை விரிவடையும் முன்னரே, 1893-ஆம் ஆண்டில், இயங்கத் தொடங்கியது. நாம் கூறுவது இதுவே: துன்புறுவோரின் குரல் சபையில் ஒலிக்காதபோது, பிணங்களின் எண்ணிக்கையே அவர்களுக்காகப் பேசவேண்டியதாகிறது. 1896-ஆம் ஆண்டில் குடியுரிமைக் கட்டணம் நீங்கிற்று. ஆனால் ஐந்தாண்டுகள் தொடர்ந்து 1,200 மார்க் வருவாய்க்கு வரி செலுத்தியவர்க்கே உரிமை என்றாயிற்று. தொழிலாளர் பிரதிநிதிகள் பெருகக்கண்டு 1906-ஆம் ஆண்டில் மீண்டும் தடை விதித்தனர். ஆண் பெண் அனைவர்க்கும் சமமான ஓட்டு 1919-ஆம் ஆண்டில்தான் வந்தது.

இதிலிருந்து சங்கமாகக் கூடியுள்ள நாம் கொள்ளவேண்டிய பாடங்கள் இரண்டு. ஹாம்பர்க்கின் தொழிலாளிக்கு மறுக்கப்பட்ட ஓட்டு நம்மிடம் இருக்கிறது. ஊர்த் தேர்தல்தானே என்று அதனை விட்டுவிடுவோமாயின், அவன்மேல் பிறர் சுமத்திய நிலையை நாமே விரும்பி ஏற்றவராவோம். இரண்டாவது, தம் கூட்டத்தின் லாபத்தை மட்டும் கருதி ஓட்டளித்த சங்கத்தாரின் கதை நமக்கும் எச்சரிக்கையாகும். நம்மவர் என்ற காரணத்தால் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, நீரையும் சாக்கடையையும் பற்றி அவரை ஒரு கேள்வியும் கேளாதிருப்பது நம் குலத்துக்கும் நன்மையாகாது. அண்டைத் தெருவின் குழாயும் நம் தெருவின் குழாயும் ஒரே தொட்டியிலிருந்து வருகின்றன. ஓட்டுக் கேட்டு வருவோரிடம், அவர் எவராயினும், அத்தொட்டியைப் பற்றி முதலில் வினவுவோமாக.