பழைய மொழியா, புதிய மொழியா?

இருங்காட்டுக்கோட்டையில் மகன் வீட்டுக்கு எதிர்மாடியில் ஒரு தம்பி வாடகைக்கு இருக்கிறார். உதிரிபாக ஆலை ஒன்றில் ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம். செல்போன் செயலி எழுதக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறார். "ஐயா, ஜாவா படிக்கவா, கோட்லின் படிக்கவா? இரண்டுக்கும் கட்டக் காசு இல்லை" என்று போன வாரம் கேட்டார்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. மகனைக் கேட்டும் படித்தும் அறிந்ததை எழுதுகிறேன்.

இதே சாலையில் சற்றுத் தள்ளி, ஸ்ரீபெரும்புதூரில், 2006-இல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். அந்த நிறுவனத்தின் விலை உயர்ந்த போன்களில் சிம்பியன் என்ற அமைப்பு இருந்தது. அதற்குச் செயலி எழுதும் சி++ முறை மிகக் கடினம். ஒரு சாதாரண வாக்கியத்தை நினைவகத்தில் வைப்பதற்கே தனி விதிகள். அதை எளிதாக்க 2008-இல் ட்ரோல்டெக் நிறுவனத்தை வாங்கி, க்யூட்டி என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். செயலி எழுதுபவர்கள் அதைப் படித்துப் பழகுவதற்குள், 2011 பிப்ரவரியில் இனி மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன்தான் என்று அறிவித்துவிட்டார்கள். சிம்பியனுக்கு எழுதிய செயலி அதில் ஓடாது. க்யூட்டியும் அங்கே இல்லை. படித்தவன் மறுபடி முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் ஆலை மூடியதற்கு இதுவே காரணம் என்றால் பொய். வரி வழக்கால் அது மைக்ரோசாஃப்டுக்கு விற்ற சொத்துகளில் சேரவில்லை. பிறகு ஆர்டரும் நின்றது. மூடிய நாள் 2014 நவம்பர் 1. புதுச்சேரிக்காரனுக்கு அந்தத் தேதி மறக்காது: 1954-இல் அதே நாளில்தான் பிரெஞ்சு நிர்வாகம் எங்களை இந்தியாவிடம் ஒப்படைத்தது.

அதே 2014-இல், ஜூன் மாதம், ஆப்பிள் ஸ்விஃப்ட் என்ற புது மொழியை வெளியிட்டது. ஆனால் பழைய ஆப்ஜெக்டிவ்-சி மொழியைத் தூக்கி எறியவில்லை. ஒரே செயலிக்குள் இரண்டும் கலந்து இருக்கலாம். ஆண்ட்ராய்டிலும் அப்படியே. ஜெட்பிரெயின்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கிய கோட்லினை (செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகிலுள்ள ஒரு தீவின் பெயர்) கூகுள் 2017-இல் ஏற்றது, 2019-இல் அதற்கே முதலிடம் என்றது. ஜாவாவில் எழுதியதும் கோட்லினில் எழுதியதும் ஒரே வகைக் குறியீடாக மாறுவதால், ஒரு கோப்பு பழையது, அடுத்தது புதியது என்று வைத்துக்கொள்ளலாம். பழையதை ஒரே நாளில் அழிக்க எந்த நிறுவனத்துக்கும் அவசியமில்லை.

எங்கள் ஊரிலும் இப்படித்தான் நடந்தது. 1956 ஒப்பந்தத்தில், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்று எழுதினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது புதிய கோப்புகள் எல்லாம் ஆங்கிலம். பிரெஞ்சு வழியில் படித்த நான் தட்டுத் தடுமாறினேன். ஆனால் யாராவது தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடி வந்தால், பெரிய அதிகாரியே என் மேசைக்கு ஆள் அனுப்புவார். அந்தப் பதிவேடுகளை வாசிக்க வேறு யார் இருந்தார்கள்!

அதனால் தம்பியிடம் சொன்னேன்: காசு கட்டிக் கோட்லின் எழுதப் பழகுங்கள், புது வேலைக்கு அதைத்தான் கேட்கிறார்கள். ஜாவாவை வாசிக்கத் தெரிந்தால் போதும், அதற்குக் காசு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகக் கடையில் ஒரு தடிமனான ஜாவா புத்தகம் வாங்கி வந்து காட்டினார். அட்டை இல்லை. எண்பது ரூபாயாம்.