உள்ளுக்குள்ள படுத்திருந்தது யார்?

வீட்டுக் கராஜில விமானம் கட்டுற ஆக்கள் அமெரிக்காவில் இருக்கினம் எண்டு முதலில் கேள்விப்பட்டபோது நாங்கள் நம்பேல்லை. பிறகு தேடி வாசிக்க வெளிக்கிட்டம். எஞ்சினையும் இறக்கையையும் விட எங்களைப் பிடித்துவைத்தது விமான உடலின் உட்புறம்தான்.

அலுமினிய விமானத்தின் வெளித்தகட்டை உள்ளே இருக்கிற சட்டங்களோடு ரிவிட் அடித்துத்தான் பொருத்துவார்கள். தகட்டின் தடிப்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. வெளியே நிற்பவர் காற்றழுத்தச் சுத்தியலால் ரிவிட்டின் தலையில் அடிப்பார். உள்ளே இருப்பவர் அதன் மறுமுனையில் ஒரு இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பார். அடி விழ விழ அந்த முனை நசிந்து இறுகும். கட்டி கொஞ்சம் சரிஞ்சால் போச்சு, ரிவிட்டைத் துளைச்செடுத்துத் திரும்ப அடிக்க வேணும். வால் பக்கம் போகப்போக உடல் ஒடுங்கும். அங்க ஒரு பலகையைப் போட்டு, அதில படுத்து, காதை மூடிக்கொண்டுதான் வேலை. கத்தினாலும் கேட்காது என்பதால் போதும், இன்னும் அடி, பழுதாப்போச்சு என்பதையெல்லாம் தட்டித்தான் சொல்லுவினம்.

இந்த இருவர் வேலை இரண்டாம் உலகப் போர்த் தொழிற்சாலைகளில் பெருகியது. 1943இல் அமெரிக்க விமானத் தொழிலில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்தார்கள். அந்த வருடம் ஜூனில் நியூயோர்க் மாநிலத்தில் ரோஸ் பொனவிற்றா, ஜெனி புளோரியோ என்ற இருவர் ஒரே இரவு வேலையில் ஒரு குண்டுவீச்சு விமானத்தின் இறக்கையில் 3,345 ரிவிட்டுகள் அடித்தார்கள். இன்றைக்குப் பலர் நினைவில் வைத்திருப்பது ரோஸின் பெயரை மட்டும். ரிவிட்டைத் தனியாள் அடிக்கேலாது என்பது தெரிந்த பிறகு எங்களுக்கு இது உறுத்துது.

போர் முடிந்ததும் அந்தப் பெண்களில் பெரும்பாலானோர் வேலையிழந்தார்கள். ஆனா வேலைமுறை போகவில்லை. 1953இல் போல் பொபெரெஸ்னி மில்வோக்கியில் வீட்டுவிமானக்காரர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். அந்த ஆரம்ப காலத்தில் அவர்கள் கட்டினவை அநேகமாக மரமும் துணியும் இரும்புக் குழாயும்தான். உலோகத்துக்கு வழி திறந்ததில் ஜோன் தோர்ப்பின் டி-18க்குப் பெரிய பங்கு. அது 1964இல் முதன்முதலாகப் பறந்தது. தகட்டிலும் சட்டத்திலும் முன்கூட்டியே பொருந்துகிற மாதிரித் துளைகளை அமைத்து, பெரிய அச்சுச் சட்டகம் இல்லாமலே உடலைக் கட்ட அவர் வழி செய்தார். எஞ்சின் கூட இராணுவம் கழித்துவிட்ட ஜெனரேற்றர் எஞ்சினாக இருக்கலாம் எண்டுதான் வடிவமைச்சவர். போர் மிச்சத்தில பொழுதுபோக்கு! எங்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாத்தான் இருக்குது.

1976இல் டொன் டெய்லர் தான் கட்டிய டி-18இல் உலகைச் சுற்றிவந்தார். வீட்டில் கட்டிய விமானம் ஒன்று அப்படிச் சுற்றியது அதுதான் முதல்தடவை. பிறகு றிச்சர்ட் வான்கிறன்ஸ்வனின் ஆர்வி விமானங்கள் வந்தன. அவற்றில் 11,000க்கும் மேல் பறந்துவிட்டன.

கராஜில் கட்டுபவருக்கு உட்புறம் பெரிய தலையிடி. தரைத்தகட்டை ரிவிட் அடித்து மூட முன்னம் வயர், பிரேக் குழாய், சுக்கான் கம்பி எல்லாம் சரியா எண்டு பாக்க வேணும், மூடினாப் பிறகு கை போகாது. உள்ளே தவறிவிழுந்த ஒரு திருகாணி வானத்தில் சுக்கானை இறுக்கிப்போடலாம். கம்பளம், மெத்தை எண்டு ஆசைப்பட்டால் பாரம் கூடும், அதுவும் பின்பக்கம் கூடினால் விமானத்தின் சமநிலையே குழம்பும்.

வால்கூட்டுக்குள் படுப்பதற்கு மனைவி, பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் எண்டு மெலிஞ்ச ஆளாப் பாத்துக் கூப்பிடுவினம். கட்டி முடிந்ததும் கட்டியவரின் பெயர், மாதிரி, தொடரிலக்கம் பொறித்த தீப்பிடிக்காத தகடு ஒன்றை விமானத்தில் பூட்ட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். இரும்புக் கட்டி பிடிச்ச ஆளின்ர பெயரை அந்தத் தகட்டில போடச் சொல்லி ஒருவரும் கேக்கிறேல்லை.